வெரிகோஸ் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள், கும்பகோணம் ஜவுளிக்கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் காலில் ரத்தக்குழாய் சுருண்டு புடைத்தாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இதைத்தான் வெரிகோஸ் என்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவ்வளவு தூரம் விடாதீர்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

முக்கியமான விஷயம் இதுதான்: சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வர வேண்டும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, அந்த ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும். “ஒப்புதல் ஆபரேஷனுக்கா, லேசருக்கா? நான் கையிலிருந்து ஏதாவது கட்டணுமா?” என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேளுங்கள். முதலில் பணத்தைக் கட்டுங்கள், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரியுங்கள்.

லேசர் என்றதும் பயப்பட வேண்டாம். முழங்கால் பக்கம் ஊசித்துளை வழியாக மெல்லிய இழையைப் பழுதான ரத்தக்குழாய்க்குள் விடுவார்கள். சுற்றிலும் மரத்துப்போக மருந்து போடுவார்கள். அந்த ஊசிகள்தான் கொஞ்சம் சுருக்கென்று வலிக்கும். பிறகு சூடேற்றிக் குழாயை மூடிவிடுவார்கள். கால் ரத்தத்தில் பெரும்பகுதி உள்ளே ஆழமாக ஓடும் குழாய்கள் வழியாகத்தான் போகிறது; அதனால் இதை மூடுவதால் கால் கெட்டுப்போகாது. பெரும்பாலும் அன்றே எழுந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும். படுத்தே கிடப்பதுதான் தவறு.

சில நாள் உள்தொடையில் கயிறு இழுப்பது போல இருக்கும், நீலம் பாரிக்கும். டாக்டர் சொல்லும் நாள் வரை இறுக்கமான காலுறை போட வேண்டும். காலுறையோடு சேற்றில் இறங்க முடியாது என்பதால், அவசரமில்லாதவர்கள் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்கு முன்பே, கோடையில் செய்துகொள்வது நல்லது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.