ஒரு பூனைக்கு லுக்கீமியா வைரஸ் இருந்தா மத்த பூனைங்க கதி என்ன?

வீட்டுல நாலு பூனை, அதுல ஒண்ணு கொஞ்ச நாளா சோறு சரியா எடுக்கல, மெலிஞ்சுகிட்டே போகுது, வாயத் தொறந்து பாத்தா ஈறு வெளுத்துப்போய் கெடக்கு. டாக்டர்கிட்ட தூக்கிட்டு போறீங்க, ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கிட்ல விடறாங்க, பத்து நிமிஷத்துல கலர் மாறுது, ஃபீலைன் லுக்கீமியா பாசிட்டிவ். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் மனசுல ஓடறது ஒண்ணுதான், மத்த மூணும் போச்சா?

அப்படியெல்லாம் உடனே போயிடாது. இது கொடூரமான வைரஸ்தான், ஆனா சோம்பேறி வைரஸ், ஒரு பூனைகிட்ட இருந்து இன்னொண்ணுக்கு நிலைச்சு போய் உக்கார அதுக்கு நிறைய தடவை வாய்ப்பு கொடுக்கணும். அந்த வாய்ப்ப எங்க நிறுத்தலாம்னு தெரிஞ்சுக்கத்தான் இது எப்படி வேலை செய்யுதுனு பாக்கணும்.

இது ஒரு கிருமியால வருதுனு கண்டுபிடிச்சதே ஒரு வீட்டுக் கதைலதான். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோல ஒரே வீட்டுல இருந்த பூனைங்களுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு லிம்ஃபோமாங்கற நிணநீர்ப் புற்றுநோய் வந்துச்சு, புற்றுநோய் ஏன் ஒரே வீட்டுல இப்படி வரிசையா வரணும்னு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல வில்லியம் ஜாரெட்னு ஒரு கால்நடை மருத்துவர் நோண்ட ஆரம்பிச்சாரு. 1964ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அந்த செல்களோட விளிம்புல வைரஸ் மொட்டு விடறத அவரும் கூட இருந்தவங்களும் பாத்துட்டாங்க. அதாவது கேன்சரே தொத்தல, கேன்சர உண்டாக்கற வைரஸ் தொத்துது.

இது ரெட்ரோவைரஸ் வகை. இதோட மரபுப் பொருள் ஆர்என்ஏ, உள்ள நுழைஞ்சதும் அதை டிஎன்ஏவா மாத்தி பூனையோட சொந்த டிஎன்ஏக்குள்ளயே சொருகிடும், அப்புறம் அந்த செல் பிரியும்போதெல்லாம் வைரஸோட நகலும் சேந்தே பிரியும். சொருகின இடம் ஏடாகூடமா இருந்தா செல் கட்டுப்பாடு இல்லாம பெருகும், அதுதான் லிம்ஃபோமா, லுக்கீமியாங்கற ரத்தப் புற்றுநோய். ஆனா நிறைய பூனைங்க சாகறது கேன்சரால இல்ல, ரத்தசோகையாலயும், எதிர்ப்பு சக்தி விழுந்து வேற வேற தொத்துல மாட்டிக்கிட்டும்தான். அந்த வெளுத்த ஈறுக்கு ஒரு காரணம் இதோ: பூனைக்கு பூனை தாவறது ஏ வகை வைரஸ் மட்டும்தான், உள்ள போனப்புறம் சில பூனைங்கள்ல அது உருமாறி சி வகை ஆகும், இந்த சி வகை சிவப்பணு வளர்ற செல்லுல அதிகப்படி ஹீம (ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்பு சேர்ந்த பொருள்) வெளிய தள்ற புரதத்துலயே போய் ஒட்டிக்கும், ஹீம் உள்ளயே தேங்கி அந்த இளம் செல் செத்துடும், சிவப்பணு உற்பத்தியே நின்னுபோகும். சி வகை அந்த ஒரு பூனையோட முடிஞ்சுடும், பொதுவா அடுத்ததுக்கு போறதில்ல.

சரி, எப்படி பரவுது? எச்சில். நோய் முத்தின பூனையோட ஒரு மில்லி எச்சில்ல பத்து லட்சம் வைரஸ் வரைக்கும் இருக்கலாம். மூக்குச்சளி, மூத்திரம், மலம், தாய்ப்பால்லயும் வரும், ஆனா வீட்டுக்குள்ள முக்கியமான வழி நக்கறதுதான். ரெண்டு பூனை ஜன்னல் ஓரமா படுத்துகிட்டு ஒண்ணு இன்னொண்ணோட தலைய முன்னங்காலால அமுக்கிப் பிடிச்சு காது, நெத்தி, கண்ணோரம்னு கால் மணி நேரம் நக்கும் பாருங்க, நாம ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கற அதே காட்சி, அதுதான் இதோட ராஜபாட்டை. ஃபீலைன் எய்ட்ஸ்னு சொல்ற எஃப்ஐவி பெரும்பாலும் சண்டைல கடிபட்டுதான் போகும், அதனால சண்டை போடாத வீட்டுல எஃப்ஐவி பூனை மத்ததோட இருந்தா அபாயம் கம்மி. லுக்கீமியா வைரஸ் விஷயத்துல கணக்கு வேற, பாசமா இருக்கற பூனைங்களுக்குதான் அபாயம். "அதுங்க சண்டையே போடாது, அதனால பரவாயில்ல"னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு இந்த பாராவ இன்னொரு தடவை படிங்க.

நல்ல செய்தி என்னன்னா வெளிய இது சுத்த நோஞ்சான். மேல கொழுப்புப் படலம் இருக்கற வைரஸ், காஞ்சா செத்துடும், சோப்பு பட்டா அந்த படலம் கரைஞ்சு செத்துடும், சாதாரண பிளீச்சிங்கே போதும். அதனால மெத்தைய கொளுத்தறது, சோஃபாவ தூக்கிப் போடறது எல்லாம் வேண்டாத வேலை. காத்துல பறந்து அடுத்த ரூமுக்கும் போகாது. மனுஷங்களுக்கும் நாய்க்கும் வராது.

ஆரோக்கியமான பூனைக்குள்ள எச்சில் போச்சுன்னா அடுத்து என்ன நடக்குதுங்கறதுதான் இதுல நிஜமாவே சுவாரசியமான இடம். வைரஸ் முதல்ல தொண்டைல டான்சில், பக்கத்துல இருக்கற நிணநீர்க் கணுக்கள்ல குடியேறும். அங்க உள்ள வெள்ளையணுக்கள் சிலத பிடிச்சு, அது மேல சவாரி பண்ணி ரத்தத்துல சுத்தும். இந்த கட்டம் வரைக்கும் ஆட்டம் யார் பக்கமும் சாயல. எலும்பு மஜ்ஜைக்கு வைரஸ் போய் சேர்றதுக்குள்ள பூனையோட எதிர்ப்பு சக்தி முந்திக்குதா இல்லையாங்கறதுதான் கேள்வி. மஜ்ஜைங்கறது ரத்த செல்களுக்கு நாத்தங்கால், நாத்தங்கால்ல நோய் விழுந்தா அப்புறம் நடற நடவெல்லாம் நோயோடதான் வரும். அங்க இருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போயிடும், அன்னைல இருந்து அந்த பூனையும் பரப்ப ஆரம்பிக்கும்.

பூனை முந்திடுச்சுன்னா ரெண்டு விதமா முடியும். சில பூனை வைரஸ அடியோட விரட்டிடும், டெஸ்ட்ல எதுவுமே தெரியாது, எதிர்ப்புப் பொருள் மட்டும்தான் மிச்சம். இன்னும் சிலதுல வைரஸோட டிஎன்ஏ செல்லுக்குள்ள பதுங்கிக் கெடக்கும் ஆனா வைரஸ் தயாராகாது, ரத்தத்துல வைரஸ் புரதம் வராது, எச்சில்லயும் வராது. இத ரெக்ரசிவ்னு சொல்லுவாங்க. இந்த மாதிரி பூனை வீட்டுல சும்மா இருக்கற வரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்ல, ஆனா ரத்ததானம் பண்ணக்கூடாது, வருஷக்கணக்கா ஸ்டீராய்டு, கீமோனு எதிர்ப்பு சக்திய அமுக்கினா பதுங்கினது எழுந்துக்கவும் வாய்ப்பு உண்டு. பூனை தோத்துப்போனா ப்ரோக்ரசிவ், அதுதான் ஆயுசுக்கும் பரப்பும், பெரும்பாலும் கண்டுபிடிச்ச சில வருஷத்துக்குள்ள போயிடும்.

யார் முந்தறாங்கன்னு முடிவு பண்றதுல வயசுக்கு பெரிய பங்கு. 1970கள்ல நடந்த சோதனைகள்ல அப்பதான் பிறந்த குட்டிகள் அத்தனையும் மாட்டிச்சு, ரெண்டு வாரத்துல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் உள்ளதுல 85 சதவீதம், நாலு மாசம் தாண்டினதுல 15 சதவீதம்தான். அதனால வீட்டுல குட்டி இருந்தா முதல்ல நகத்த வேண்டியது குட்டியத்தான், அன்னைக்கே, அந்த நிமிஷமே. பெரிய பூனைக்கு எதிர்ப்பு இருக்குன்னாலும் அது முழுக் கவசம் இல்ல, வருஷக்கணக்கா தினம் நக்கிகிட்டே இருந்தா பெருசும் சாயும்.

இப்ப டெஸ்ட். அந்த கிட் தேடறது பி27ங்கற வைரஸோட சொந்த புரதத்த, பூனையோட எதிர்ப்புப் பொருள இல்ல, அதனால தடுப்பூசி போட்டிருந்தாலும் குட்டிக்கு தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இருந்தாலும் ரிசல்ட் குழம்பாது. குழம்பறது காலத்தாலதான். வைரஸ் உள்ள போய் புரதம் ரத்தத்துல தெரிய ஒரு மாசம் வரைக்கும் ஆகலாம், ஸோ இன்னைக்கு மத்த மூணும் நெகட்டிவ்னு வந்தா அது போன மாச நிலவரம். பிரிச்சு வெச்ச நாள்ல இருந்து ஒரு மாசம் முழுசா போனப்புறம் திரும்ப எடுக்கணும், ஆறு வாரம் விடச் சொல்ற டாக்டருங்களும் உண்டு. அதே மாதிரி பாசிட்டிவ் வந்த பூனைக்கும் ஒரே ஒரு கிட்ட நம்பி தலையெழுத்த எழுதிடாதீங்க, வைரஸோட மரபுப் பொருளையே தேடற பிசிஆர் டெஸ்ட் ஒண்ணு எடுத்து உறுதி பண்ணுங்க, சில வாரம் கழிச்சு கிட் டெஸ்டையும் திரும்ப பாருங்க, முதல்ல பாசிட்டிவா இருந்து அப்புறம் ரெக்ரசிவ் ஆகி நெகட்டிவ் ஆகற பூனையும் இருக்கு. பாசிட்டிவ்னு கேட்டதும் கொண்டுபோய் தெருவுல விடறவங்க இருக்காங்க, அது அந்த பூனைக்கும் பாவம், தெருப்பூனைங்களுக்கும் பாவம்.

தடுப்பூசி என்ன பண்ணுதுன்னா அந்த ஓட்டத்துல பூனைய முன்னாடியே ஓட விடுது. நெகட்டிவ்னு தெரிஞ்ச பூனைக்குதான் அதால பலன், ஏற்கனவே மாட்டினதுக்கு போட்டு பிரயோஜனம் இல்ல. மூணு நாலு வார இடைவெளில ரெண்டு ஊசி, ஒரு வருஷத்துல பூஸ்டர், பாசிட்டிவ் பூனையோட ஒரே வீட்டுல இருந்தா அப்புறமும் விடாம போடணும். ரெண்டாவது ஊசி போட்டு ரெண்டு மூணு வாரம் ஆகற வரைக்கும் பாதுகாப்பே வரல, அந்த நேரத்துல கதவ தொறந்து விட்டா எல்லாம் வீண். வந்தப்புறமும் நூறு சதவீதம் கிடையாது, ப்ரோக்ரசிவ் ஆகாம தடுக்கறதுதான் அதோட சாமர்த்தியம். இன்னொண்ணு, நம்ம ஊர்ல வழக்கமா போடற ட்ரைகேட் ஊசில இருக்கறது பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி மூணுதான், லுக்கீமியா அதுல இல்ல. "எல்லா ஊசியும் போட்டாச்சே"னு நினைச்சுக்காம டாக்டர்கிட்ட பேர் சொல்லியே கேளுங்க. அமெரிக்காவுல இத இடது பின்னங்கால்ல எவ்ளோ கீழ முடியுமோ அவ்ளோ கீழ போடுவாங்க, ரொம்ப அபூர்வமா ஊசி போட்ட இடத்துல புற்றுக்கட்டி வரும், அப்படி வந்தா கால எடுத்தாவது உயிர காப்பாத்தலாமேனு.

பூமா மாதிரி காட்டுப் பூனை இனங்களுக்கும் இது போகும். 2000களோட ஆரம்பத்துல அமெரிக்காவோட ஃப்ளோரிடா பேந்தர்ங்கற பூமா கூட்டத்துல இந்த வைரஸ் புகுந்துச்சு, மொத்தமே நூறு வாக்குல இருந்த காலம், வீட்டுப் பூனைகிட்ட இருந்துதான் வந்திருக்கணும்னு மரபணு ஒப்பீடு காட்டுச்சு. வீட்டுப் பூனைக்கு போடற அதே தடுப்பூசிய காட்டுல பிடிச்ச பேந்தர்களுக்கு போட்டாங்க.

வீட்டுக்குள்ள பிரிக்கறதுன்னா கதவு மூடற ரூம், அவ்ளோதான், வலைக்கதவு வேணாம், ஓட்டை வழியா மூக்கும் நாக்கும் போகும். பாசிட்டிவ் பூனைக்கு தனி சாப்பாட்டுத் தட்டு, தனி தண்ணிக் கிண்ணம், தனி லிட்டர் டிரே. முதல்ல நல்ல பூனைங்களுக்கு சோறு வெச்சு டிரே அள்ளிட்டு கடைசியா பாசிட்டிவ் ரூமுக்கு போங்க, வெளிய வந்ததும் சோப்பு போட்டு கை கழுவுங்க. இப்படி வரிசையா போனா நல்ல பூனைங்களோட சளி இருமல், எதிர்ப்பு சக்தி விழுந்த அந்த பூனைக்கு போகவும் வழி இருக்கு, அதனால அங்க நுழையும்போதும் கை கழுவணும். பச்சைக் கறி அதுக்கு போடாதீங்க, கருத்தடை பண்ணாம இருந்தா பண்ணிடுங்க, வெளிய விடாதீங்க, ஆறு மாசத்துக்கு ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்க.

ரூம் கதவுக்கு பின்னால அது தனியா கத்தும்போது மனசு கேக்காது, துணைக்கு ஒரு குட்டி கொண்டுவரலாமானு தோணும். கூடாது. துணைன்னா அதே மாதிரி ப்ரோக்ரசிவ்னு உறுதியான இன்னொரு பூனைதான், ரெஸ்க்யூ பண்றவங்க சிலர் அப்படி ஜோடியா வளக்கறாங்க, அவங்ககிட்ட கேட்டு பாருங்க. இல்லன்னா அந்த ரூம்லயே நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க, லேப்டாப்ப தூக்கிட்டு போய் வேலைய அங்கயே பாத்தாலும் சரி.