பேரலல் ட்வின்: 'இணை' என்ற ஒரு சொல் போதும்

யெஸ்டி 250-ஐ 'டபுள் சிலிண்டர் வண்டி' என்று அடித்துச் சொல்பவர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர் தொங்கியதுதான் காரணம், உள்ளே இருந்தது ஒரே சிலிண்டர். நிஜமாகவே இரண்டு வேண்டுமென்றால் அன்றைக்கு ராஜ்தூத் 350, இன்றைக்குச் சென்னைக்காரர்களான ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650. இந்த வகை எஞ்சினுக்குத்தான் பேரலல் ட்வின் என்று பெயர்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். சிலிண்டர், 'உருட்டு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. நம்முடைய உருளையும் 'உருள்' என்பதிலிருந்துதான் வந்தது, அதாவது யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன (கிழங்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). பேரலலும் கிரேக்கம்தான்: ஒன்றின் பக்கத்தில் ஒன்று. ட்வின், இரட்டை. இதை 'இணை இரட்டை உருளை எஞ்சின்' என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. தமிழில் இணை என்றாலே ஜோடி, இணைகோடு என்னும்போது அதே சொல்தான் பேரலல். ஆகவே இணையுருளை எஞ்சின், முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: இணையாக நிற்பவை உருளைகள் மட்டும்தான். உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் சேர்ந்து ஏறுமா, மாறி மாறி ஏறுமா என்பதை, அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்தான் முடிவு செய்யும். ஒரே உரலில் இரண்டு பேர் நெல் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலக்கையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது 360 டிகிரி கிராங்க் (ஒரு பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மற்றதன் முறை வர கிராங்க் திரும்பும் கோணம்தான் அந்த எண்). எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1938 மாடலாக வந்த டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் இப்படித்தான். சுற்றுக்கு ஒரு வெடிப்பு, அதுவும் சீராக வரும், ஒரே கார்புரேட்டரை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் உதறல் மட்டும் பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டி மாதிரியே இருக்கும், இரண்டு பிஸ்டனும் ஒரே பக்கம் இழுக்கின்றனவே.

சரி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால்? அது 180 டிகிரி, ராஜ்தூத் 350-இல் இருந்தது. மேல்கீழ் உதறல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும், பதிலுக்கு எஞ்சின் இடவலமாகத் தலையாட்டும். ராஜ்தூத் டூ ஸ்ட்ரோக், அதாவது ஒவ்வொரு உருளையும் சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும், அதனால் வெடிப்பு சீராக வந்தது. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதே கிராங்கைப் போட்டால் வெடிப்புகளுக்கு நடுவே 180, 540 டிகிரி என்று இடைவெளி விட்டு நொண்டும்.

இதற்கும் மேல் ஒரு சங்கதி உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியைக் கீழ்பாதியைவிட வேகமாகக் கடக்கும். இதனால் சுற்றுக்கு இரண்டு தடவை வரும் ஒரு பொடி அதிர்வு உண்டாகிறது. மேலே சொன்ன இரண்டு கிராங்கிலும் இது ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். 270 டிகிரியில்தான் ஒன்றையொன்று அழிக்கும், ஏனென்றால் ஒரு உலக்கை உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் முழு வேகத்தில் இருக்கிறது. யமஹா டிஆர்எக்ஸ்850 இதை 1995-இல் கொண்டுவந்தது. இன்டர்செப்டரின் 648 சிசி எஞ்சினும் இதே 270-தான். 270, 450 என்று இடைவெளி விட்டு வெடிப்பதால் 90 டிகிரி வி-ட்வின் (இரண்டு உருளையும் V எழுத்துபோல விரிந்து நிற்கும் எஞ்சின்) சத்தம் கேட்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏமாந்துவிடுவீர்கள். அந்த வி-ட்வினுக்குத் தமிழ் 'கவையுருளை' என்பேன். கவட்டை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் சிரிப்பார்கள்.

270-இலும் பெரிய உதறல் முழுசாகப் போய்விடாது. மிச்சத்தை அடக்கத்தான் பேலன்சர் ஷாஃப்ட். பேலன்ஸ் என்பதற்கு லத்தீனில் 'இரண்டு தட்டு', அதாவது தராசு. அதற்காக இதைச் 'சமநிலைத் தண்டு' என்று மொழிபெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றிக் கையில் வாங்கிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இரும்பு கனமாகத் திரண்டிருக்கும், விரல்மேல் உருட்டினால் கனமான பக்கம் தொப்பென்று கீழே வந்து நின்றுவிடும். வேண்டுமென்றே கோணலாகச் செய்தது அது. பிஸ்டன்கள் ஒரு பக்கம் இழுக்கும்போது இந்தக் கனம் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், அதனால் எதிரெடைத் தண்டு.