பார்மட் போடச் சொல்வதற்கு முன்னால்

"அண்ணா, லேப்டாப் ஹேங் ஆகுதுங்க, பார்மட் போட்டுக் குடுத்துருங்க." திருப்பூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன், ஒரு நாளைக்கு நாலு பேராவது கடைக்குள் நுழையும்போதே இப்படித்தான் சொல்கிறார்கள். கோளாறு என்னவென்று நான் பார்ப்பதற்குள் வைத்தியத்தையும் அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். தயவு செய்து இப்படிச் செய்யாதீர்கள். பழைய லேப்டாப் மெதுவாக ஓடுவதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம், அதில் ஒன்று ஹார்ட் டிஸ்க் சாகக் கிடப்பது. அந்த நேரத்தில் பார்மட் போட்டால், அதாவது டிஸ்க்கைக் காலி செய்து வின்டோஸைப் புதிதாக ஏற்றினால், உங்கள் கணக்கும் போட்டோவும் கையை விட்டுப் போய்விடும்.

போன மாதம் 19ஆம் தேதி சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பனியன் கம்பெனிகளுக்குத் தையல் ஜாப் ஒர்க் செய்கிற சின்ன யூனிட்டில், டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் கணக்கு எழுதுகிறாள். மறுநாள் 20, மாதாமாதம் போடுகிற ஜிஎஸ்டி வரிக் கணக்கான 3பி ரிட்டர்னுக்குக் கடைசி தேதி. ஒன்பது வருடத்து லேப்டாப். மவுஸ் அம்புக்குறி நகர்கிறது, ஆனால் எந்த போல்டரைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இரண்டு நிமிடம் கழித்துத் திறக்கிறது, அப்புறம் மறுபடி நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடையில் கேட்டதற்கு வின்டோஸ் அடிபட்டிருக்கும், பார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "டேலி டேட்டா வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கியா அம்மணி?" என்று கேட்டேன். இல்லை. மூன்று வருடக் கணக்கு அந்த ஒரே டிஸ்க்கில்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் 100% என்று காட்டியது. இது வரைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டியது அடுத்த பக்கத்தில் இருக்கிறது, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க்கைத் தொட்டால் படிக்கும் வேகமும், ஒரு கேள்விக்குப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதும் தெரியும். அவளுடைய டிஸ்க் முழு மூச்சாக வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டு, உண்மையில் நொடிக்குச் சில நூறு கேபிதான் படித்துக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் இருக்கிற லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரிய பைல் ஒன்றைக் காப்பி செய்யும்போது நொடிக்கு 80 முதல் 100 எம்பி வரைக்கும் படிக்கும். அவளுடைய டிஸ்க்கில் பதில் வரும் நேரமோ நாலாயிரம், ஐயாயிரம் மில்லிசெகண்ட், அதாவது நாலைந்து நொடி. ரேம், அதாவது திறந்திருக்கும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், பாதிகூட நிரம்பவில்லை, பிராசசர் சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் திணறுகிறது என்றால் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதில் ஒரு இடம் கெட்டுப்போனால், டிஸ்க் உடனே முடியவில்லை என்று சொல்லாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி செய்யும். அது வரைக்கும் வின்டோஸ் காத்திருக்கும், நீங்களும் காத்திருப்பீர்கள், அதைத்தான் ஹேங் என்கிறோம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பார்த்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று டிஸ்க்கின் நிலையைக் காட்டும். அவளுடையது மஞ்சள். அதிலும் சி5 என்ற வரியைக் கவனியுங்கள், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் கணக்கு அது. 05 என்ற வரி, ஏற்கனவே கெட்டு, மாற்று இடம் கொடுக்கப்பட்டவற்றின் கணக்கு. இந்த இரண்டும் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது. சி5 நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பி ஒரு பைல்கூட வைக்கக் கூடாது.

இந்த நிலையில் பார்மட் போட்டு வின்டோஸ் ஏற்றினால் என்ன ஆகும்? சாதாரணமாகப் போடுகிற வேகமான பார்மட்டில் டேட்டா உடனே அழியாது, எந்த பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகும். ஆனால் அதன் மேல் புது வின்டோஸ் பல ஜிபி எழுதும், எழுதப்பட்ட இடத்தில் இருந்த கணக்கு திரும்பி வராது. அதோடு, ஏற்கனவே தள்ளாடுகிற டிஸ்க்குக்கு அவ்வளவு எழுத்து வேலை கொடுப்பதே பெரிய பாரம். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்ய வின்டோஸிலேயே இருக்கிற செக் டிஸ்க்கை ஓட்டுவதும் அப்படித்தான். டேட்டாவை வெளியே எடுக்கும் முன் அதை ஓட்டி, பாதியில் டிஸ்க் அடியோடு நின்றுபோய் வந்த லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் மூன்று முறை ஒரு கடையில் பார்மட் போட்டுவிட்டு, நாலாவது முறை என்னிடம் வந்தார் ஒரு ஆராய்ச்சி மாணவர். மூன்று முறையும் யாரும் டிஸ்க்கைச் சோதிக்கவில்லை. அவருடைய இரண்டு அத்தியாயம் திரும்பக் கிடைக்கவில்லை. அதை அவரிடம் சொன்ன நாளை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட என் மிஷினில் மாட்டினேன். முதலில் டேலி போல்டர் மட்டும். சின்னதுதான், ஆனாலும் நாற்பது நிமிடம் எடுத்தது. அப்புறம் மீதி டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற டேட்டா மீட்கும் புரோகிராமை ஓட்டினேன், அது நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிட்டு அடிபட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும், அதனால் டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். ராத்திரி பதினொன்றரைக்குப் சுற்றும் தட்டு இல்லாத புது எஸ்எஸ்டி டிஸ்க்கில் வின்டோஸ் ஏற்றி, டேலியைத் திறந்து, கடைசி வவுச்சர் சரியாக இருக்கிறதா என்று அவளைப் பார்க்கச் சொன்னேன். இருந்தது.

எல்லா லேப்டாப்பும் இப்படி வருவதில்லை. டிஸ்க் 100% என்று காட்டினாலும் ரேமும் 90%க்கு மேல் நிரம்பியிருந்தால் கதை வேறு. 4 ஜிபி ரேமில் வின்டோஸ் 10 மட்டுமே பாதியைச் சாப்பிட்டுவிடும், மீதியில் டேலி, எக்செல், குரோமில் பன்னிரண்டு டேப், வாட்ஸ்அப் வெப் என்று திறந்தால் இடம் போதாமல் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும். இங்கே டிஸ்க் கெடவில்லை, ரேம்தான் போதவில்லை. 8 ஜிபி ஆக்குங்கள். வாங்கும் முன் பழைய ரேமில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், டிடிஆர்3 என்றும் டிடிஆர்3எல் என்றும் இரண்டு உண்டு, முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட், எல் கேட்கிற லேப்டாப்பில் மற்றதைப் போடக் கூடாது. மவுஸ்கூட நகராமல் திரை அப்படியே உறைந்து நின்றால் ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காராமலும் இருக்கலாம், கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியானவை நிறைய.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை, பஞ்சு. நிட்டிங், கட்டிங், தையல் நடக்கிற இடத்தில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். லேப்டாப் பேன் அதை உள்ளே இழுத்து, பேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. திறந்து பேனைக் கழற்றினால் அந்தத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை, ஊசியால் ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வரும், கிழியக்கூடச் செய்யாது. அவ்வளவு கெட்டி. காற்று வழி அடைத்துப்போனால் பிராசசர் 95, 100 டிகிரிக்குப் போகும், போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் பேன் இரைந்து, அதன் பிறகு மெதுவானால் இதுதான் காரணம் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். சுத்தம் செய்து, பிராசசர் மேல் வெப்பத்தைக் கடத்தத் தடவியிருக்கிற, காய்ந்து பொடியாகிப்போன பேஸ்ட்டை மாற்றினால் இருபது டிகிரி வரைக்கும் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். தையல் மிஷினுக்கு அடிக்கிற கம்ப்ரசர் ஏர் கன்னால் லேப்டாப்பை அடிக்காதீர்கள். அந்தக் காற்றில் ஈரம் வரும், வேகத்தில் பேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும், பஞ்சும் இன்னும் உள்ளே போய் அடையும். வீட்டில் மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டுவதும் அடியில் இருக்கிற காற்று வழியை மூடிவிடும்.

யாரும் கவனிக்காத இன்னொன்று சார்ஜர். சில கம்பெனி லேப்டாப்புகள் தங்களுடைய ஒரிஜினல் அடாப்டரை அடையாளம் தெரிந்துகொள்ளும். டூப்ளிகேட் போட்டாலோ, பின்னின் நடுவில் இருக்கிற மெல்லிய ஊசி வளைந்திருந்தாலோ பிராசசரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாமல் அப்படியே நிற்கும். அதைப் பார்த்தால் வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள், பத்து வினாடியில் விடை தெரிந்துவிடும். டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். அது வேகம் சம்பந்தப்பட்டதே இல்லை, தீப்பிடிக்கும் விஷயம்.

சாப்ட்வேர் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள், ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாததை நிறுத்துங்கள், சி டிரைவில் கொஞ்சம் இடம் காலியாக வையுங்கள். வேகம் கூட்டும் என்று விளம்பரம் வருகிற கிளீனர் எதையும் போட வேண்டாம். வின்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, பழைய பிராசசர் இருப்பவற்றுக்கு வின்டோஸ் 11 முறையாக ஏறாது. பிரவுசரும் எழுத்து வேலையும் மட்டும் போதும் என்பவர்களுக்கு, முக்கியமாக அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு, நான் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன், நன்றாக ஓடுகிறது. டேலி அதில் நேராக ஓடாது, கணக்கு எழுதுபவர்கள் வின்டோஸிலேயே இருங்கள்.

ஹேங் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் டேலி டேட்டாவே அடிபடும். டிஸ்க் லைட் விடாமல் எரிந்துகொண்டிருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள், திறந்ததும் வேறு எதையும் செய்யாமல் முக்கியமான போல்டரை பென்டிரைவுக்கு எடுங்கள். எஸ்எஸ்டி போட்டவர்களும் இதைச் செய்ய வேண்டும், எஸ்எஸ்டி கெடும்போது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு கெடாது, அதில் பார்மட் போட்டால் பழைய டேட்டாவைத் திரும்ப எடுப்பதும் கிட்டத்தட்ட முடியாத காரியம்.

எந்தக் கடையில் டிஸ்க் மாற்றினாலும் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, மேலே மார்க்கரில் தேதி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் ரிட்டர்ன் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.