ஏலாமை: 'நாட்பட்ட களைப்பு' என்னும் நோய்ப்பெயர் பற்றி

தாமிரபரணிக் கரை ஊர்களில் உடம்பு ஓய்ந்துபோவதைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதாது. நாற்று நட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அலுப்பு. சொளவை மடியில் வைத்துப் பகல் முழுவதும் பீடி சுற்றிய முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்ணுக்குக் கை உளைச்சல். காய்ச்சல் கண்டவருக்கு 'மேலுக்கு முடியவில்லை'. காரணம் எதுவும் தெரியாமல் உடம்பு கனத்துக் கிடந்தால் சடவு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால், கேட்பவர் நோயையே மாற்றிப் புரிந்துகொள்வார். ஆங்கில மருத்துவத்தில் 'க்ரானிக் ஃபெட்டிக் சின்ட்ரோம்' எனப்படும் நோயைத் தமிழில் 'நாட்பட்ட களைப்பு நோய்த்தொகை' என்று எழுதும்போது அந்தப் பிழைதான் நேர்கிறது என்பது என் கருத்து. ஆனால் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோணல் மூலப் பெயரிலேயே இருக்கிறது.

'க்ரானிக்' என்பதன் வேர் காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல். 'ஃபெட்டிக்' இலத்தீனிலிருந்து வந்தது. அங்கும் அது சோர்வுறச் செய்வதையே குறித்தது. 'சின்ட்ரோம்' சுவையான சொல். கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன், 'த்ரோமோஸ்' என்றால் ஓட்டம். ஆகவே பல குறிகள் ஒன்றாக ஓடிவருவதே சின்ட்ரோம். அவை எங்கிருந்து ஓடிவருகின்றன என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. சித்த மருத்துவ நூல்கள் ஒரு நோயைச் சொல்லும்போது 'நோய் வரும் வழி' என்று ஒரு பகுதியையும், 'குறிகுணங்கள்' என்று மற்றொரு பகுதியையும் வைக்கின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இவை பழகிய தலைப்புகள். அந்த வழக்கில் சொன்னால், இந்த ஆங்கிலப் பெயரில் குறிகுணம் மட்டுமே உண்டு. நோய் வரும் வழிக்கு உரிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்துக்காகத்தான் எழுபது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது.

1955ஆம் ஆண்டு லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 பணியாளர்கள் அடுத்தடுத்து நோயுற்றதால், ஜூலை மாதம் மூடப்பட்ட மருத்துவமனை அக்டோபரில்தான் திறந்தது. தசைவலி, தலைவலி, கழுத்துச் சுரப்பி வீக்கம், கைகால் பலவீனம் ஆகியவை தெரிந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. மறு ஆண்டு 'லான்செட்' இதழ் அதற்கு 'பினைன் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்று பெயர் வைத்தது. தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்பது பொருள். யாரும் சாகவில்லை என்பதற்காக 'தீங்கற்ற' என்ற அடைமொழி முன்னால் சேர்ந்தது. வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு அந்த அடைமொழி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் அது உதிர்ந்துபோய், 'எம்இ' என்ற சுருக்கம் நின்றது. இந்தப் பெயர் வெற்றிடம் விடவில்லை. அழற்சி என்று துணிந்து சொல்லிவிட்டது, அந்த அழற்சிக்குப் போதிய சான்று கையில் இல்லாமலே. உலக சுகாதார நிறுவனம் 1969இல் அதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது.

மறு ஆண்டே எதிர்வாதம் வந்தது. மெக்கவேடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் ராயல் ஃப்ரீயின் பழைய குறிப்பேடுகளைப் படித்து, நோயாளிகளை நேரில் பாராமலேயே, அது கூட்டு 'ஹிஸ்டீரியா' என்று 1970இல் எழுதினார்கள். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லுக்குள் கருப்பையைக் குறிக்கும் 'ஹிஸ்டெரா' இருப்பதை நினைத்துக்கொண்டால், சொல்லே எவ்வாறு தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பது விளங்கும்.

'களைப்பு' பெயருக்குள் நுழைந்தது அதற்கும் பின்னர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊரில் பலர் நோயுற்றபோது எப்ஸ்டீன்-பார் வைரஸ்மீது ஐயம் விழுந்தது. அது உறுதிப்படாததால், 1988இல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும் எந்தக் காரணத்தையும் சுட்டாத பெயராக 'க்ரானிக் ஃபெட்டிக் சின்ட்ரோம்' என்பதைத் தேர்ந்தார்கள். நேர்மையான முடிவுதான். ஆனால் களைப்பு யாருக்குத்தான் இல்லை? 'எனக்கும்தான் களைப்பாக இருக்கிறது' என்று யாரும் சொல்லிவிடக்கூடிய நோயாக அது ஆகிவிட்டது.

வெற்றிடத்தை நிரப்பும் அவசரம் 2009இல் ஒரு விபத்தில் முடிந்தது. 101 நோயாளிகளில் 68 பேரின் ரத்தத்திலும், நலமான 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே 'எக்ஸ்எம்ஆர்வி' என்ற ரெட்ரோவைரஸ் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. நோயாளிகள் உலகெங்கும் மகிழ்ந்தார்கள். பிறகு பார்த்தால், மனிதப் புற்றுக்கட்டி ஒன்றை 1990களில் ஆய்வக எலிகளில் வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ்களின் துண்டுகள் ஒட்டிப் பிறந்தது அது. மாதிரிகளில் கலந்த அழுக்கே கண்டுபிடிப்பாகத் தோன்றியிருந்தது. 2011 டிசம்பரில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் 147 நோயாளிகளைச் சோதித்த ஆய்வில் ஒருவரிடமும் அந்த வைரஸ் இல்லை. ('மயால்ஜியா'வின் முதற்பகுதியான 'மிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தசை, எலி என்று இரு பொருளும் உண்டு. பெயருக்குள் முன்பே ஓர் எலி இருந்தது.)

மறுபுறம், உடம்பு பழக்கம் விட்டுப்போனதும் நோய் பற்றிய அச்சமும்தான் நோயை நீட்டிக்கின்றன என்ற கொள்கையின்மேல் 'பேஸ்' என்ற ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 641 பேர் கலந்துகொண்ட அதன் முடிவுகள் 2011இல் வெளியாயின. மனநடத்தைச் சிகிச்சையும், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் பயன் தருவதாக அவை கூறின. ஆனால் உடலியக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும் என்றிருக்க, 60 இருந்தாலே இயல்பு நிலை என்று கணக்கிடப்பட்டிருந்தது. நோயாளிகள் இதைச் சும்மா விடவில்லை. 2016இல் தீர்ப்பாயம் மூலத் தரவுகளை வெளியிடச் சொன்னது. 2021இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கியது.

நம் பக்கத்துக்குப் பயன்படக்கூடிய ஆய்வு எதுவென்று கேட்டால், ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் நடந்து 2006இல் வெளிவந்ததையே சொல்வேன். எப்ஸ்டீன்-பார், க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் ஆகியவற்றால் நோயுற்ற 253 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் தேறவில்லை. தேறாமைக்கும் முதல் காய்ச்சலின் கடுமைக்கும் தொடர்பு இருந்ததே தவிர, அவரவர் மனநிலைக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. ராஸ் ரிவர் வைரஸ் சிக்குன்குனியா வைரஸின் இனத்தைச் சேர்ந்தது. 2006இல் சிக்குன்குனியாவையும் 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்குவையும் கண்ட அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

இனித் தமிழுக்கு வருவோம். களைப்பு என்ற சொல்லோடு நம் மொழி சேர்க்கும் வினை 'ஆறுதல்': களைப்பாறினான், இளைப்பாறினாள். புண் ஆறுவதும் கஞ்சி ஆறுவதும் போலக் களைப்பும் ஆறும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த நோயில் ஓய்வெடுத்தும் ஆறுவதில்லை. அது மட்டுமன்றி, சிறிது உழைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ உடம்பு முன்னைவிட மோசமாகிறது. ஆகவே 'களைப்பு' பொருந்தாது. 'அயர்வு' சற்று நெருங்கி வருகிறது; 'அசந்து மறந்து' என்ற வழக்கில் உள்ளதைப் போலவே, அயர்தலிலும் சோர்வோடு மறதியும் கலந்திருக்கிறது, நோயாளிகளின் மூளை மந்தத்தை அது தொடும். 'சடவு' நம் ஊர்ச் சொல் என்பதால் எனக்கு ஆசைதான். ஆனால் 'அவனுக்கு என்மேல் சடவு' என்று மனத்தாங்கலுக்கும் அதே சொல் வழங்குவதால், மெக்கவேடியும் பியர்டும் சொன்னதைத் தமிழிலும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

சிக்குன்குனியா வந்துபோன பல மாதங்களுக்குப் பிறகு என் சித்தி சொன்னது நினைவிருக்கிறது: "வேலை செஞ்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியல, மறுநா எந்திரிக்க ஏலாது." அவருக்கு இருந்தது இந்த நோய்தானா என்று யாரும் சோதிக்கவில்லை, தினமும் நடந்தால் சரியாகும் என்று ஒரு மருத்துவர் சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் சித்தி சொன்ன வினையை நான் விடவில்லை. 'ஏல்' என்பதற்கு ஏற்றுக்கொள்ளுதல், இயலுதல் என்ற இரு பொருளும் உண்டு. ஆகவே ஏலாமை என்றால் முடியாமை. உடம்பு ஒன்றை ஏற்க மறுப்பதும்கூட. 2015இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் இந்த நோய்க்குப் புதிதாக முன்மொழிந்த ஆங்கிலப் பெயரும், முழு உடம்பும் உழைப்பைத் தாங்காத நோய் என்ற பொருளையே தருகிறது. அந்தப் பெயர் பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. தமிழில் அதை 'ஒவ்வாமை' என்று சொல்ல முடியாது, அலர்ஜி அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டது. 'இயலாமை' என்றால் ஊனத்தோடு குழம்பும். 'உழைப்பேலாமை' என்று சொன்னால் அழற்சி என்ற துணிபும் இல்லை, மனக்கோளாறு என்ற குற்றச்சாட்டும் இல்லை, எல்லோருக்கும் உள்ள களைப்பும் இல்லை. உழைப்பு என்பதில் மூளை உழைப்பும் அடங்கும். புத்தகம் படித்தே படுத்துவிடும் நோயாளிகள் உண்டு. இப்போதைக்கு மருத்துவச் சீட்டில் 'காய்ச்சலுக்குப் பின் உழைப்பேலாமை, ஏழு மாதம்' என்று எழுதலாம். நோய் வரும் வழி தெரிந்த பிறகு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.