மேலாளர் அல்ல, பயிற்றுநர்

2025இல் இத்தாலியக் கால்பந்துப் பயிற்றுநர் கார்லோ அன்செலோட்டி பிரேசில் அணிக்குப் போனபோதும் தமிழ் விளையாட்டுச் செய்திகளில் அதே சொல்தான்: ‘பிரேசிலின் புதிய மேலாளர்’. ரியல் மாட்ரிட்டில் இருந்தபோதும் மேலாளர். படிக்கும்போதெல்லாம் வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் புரட்டுபவர்தான் என் கண்முன் வருகிறார்.

மேலாளர் என்று மொழிபெயர்க்கப்படும் மேனேஜர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. ‘மானோ’ என்றால் கை. ‘மனெஜ்ஜாரே’ என்றால் கையாளுதல், குறிப்பாகக் குதிரையைப் பழக்குதல். இத்தாலியர்களோ தங்கள் அணியைப் பழக்குபவரை ‘அல்லெனதோரே’ என்கிறார்கள். ‘லேனா’ என்பது மூச்சு, தாக்குப்பிடிக்கும் வலு, அதை ஊட்டுபவர். இரண்டிலும் ‘மேல்’ எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் மேனேஜர் பயிற்சியோடு நிற்பதில்லை, யாரை வாங்குவது யாரை விற்பது என்பதிலும் அவர் பேச்சு எடுபடும், அதனால் மேலாளர்தான் சரி என்று சிலர் வாதிடுகிறார்கள். இங்கிலாந்தின் வழக்கத்தை இத்தாலிக்காரர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? 2001 முதல் 2009 வரை அன்செலோட்டி இருந்த மிலான் கழகத்தில் வீரர்களை வாங்கும் பேரத்தை நடத்தியவர் நிர்வாகி அட்ரியானோ கல்லியானி. வந்தவர்களை வைத்து அணியைக் கட்டியவர் அன்செலோட்டி. கோலுக்கு அருகே ஆடிப் பழகிய நடுக்கள வீரர் பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து, தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அங்கிருந்து பந்தைப் பிரித்துக் கொடுக்க வைத்தார். பிரெஷியா அணியில் அதன் பயிற்றுநர் மாத்சோனே தொடங்கியது அது, மிலானில்தான் நிலைத்தது. 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் அப்படி வந்தவை. இதற்குப் பெயர் மேலாண்மையா?

கிரிக்கெட்டில் அணி மேலாளர் என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். விமானச் சீட்டு, விடுதி அறை, பயண ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரே விளையாட்டுப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே பெயர் சூட்டினால் வாசகர் என்ன செய்வார்? அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை அப்படியே எடுத்து ஒட்டுவதால் வரும் கோளாறு இது. ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் சொல் வாயில் வராது.

‘பயிற்சியாளர்’ எவ்வளவோ மேல். ஆனால் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் பயிற்சி பெற வருபவரும் பயிற்சியாளர்தான். ‘பயிற்றுநர்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பயில்பவர் ஒருவர், பயிற்றுபவர் இன்னொருவர் என்று தமிழ் வினையே பிரித்துக் காட்டிவிடுகிறது. அன்செலோட்டி இரண்டுமாக இருந்தவர். மிலானில் பயிற்றுநர் அரிகோ சாக்கியிடம் ஆடிப் பயின்று 1989, 1990இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1994 உலகக் கோப்பையில் அதே சாக்கிக்கு உதவியாளர். 1995இல் ரெஜ்ஜானா அணியில் தானே பயிற்றத் தொடங்கினார்.