டேப்பில் இடம் எங்கே போகிறது?

கணினித் தரவின் காப்பு நகல்களை, அதாவது பேக்கப்பை, காந்த நாடாவில் எழுதி வைப்பதுண்டு. அதற்கான எல்டிஓ-9 வகை டேப் காட்ரிட்ஜ் (நாடா அடங்கிய பெட்டி) ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். உள்ளே அரை அங்குல அகலத்தில், ஆயிரம் மீட்டருக்கும் சற்று அதிக நீளத்தில் நாடா சுற்றியிருக்கும். டேப்பை ஓட்டி எழுதும் கருவியான டிரைவின் தலை ஒரே சமயத்தில் 32 தடங்களில் எழுதிக்கொண்டே மறுமுனை வரை போகும். அப்புறம் ஒரு மயிரிழை நகர்ந்து எதிர்த்திசையில் எழுதிவரும். இப்படி 280 ஓட்டம் ஓடினால் நாடா நிரம்பிவிடும். நொடிக்கு 400 மெகாபைட் வீதம் நிற்காமல் எழுதினாலே பன்னிரண்டரை மணி நேரம் ஆகும்.

நிற்காமல் எழுத வேண்டுமே, அதுதான் பாடு. சர்வரிலிருந்து தரவு மெதுவாக வந்தால் டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நாடா நின்றாக வேண்டும். ஓடுகிற நாடா சட்டென்று நிற்காது. தாண்டிப்போய் நின்று, பின்னால் வந்து, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நேரமும் வீண், நாடாவும் தேயும். அதனால்தான் பேக்கப்பை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவிட்டு, மொத்தமாக டேப்புக்குத் தள்ளுகிறார்கள்.

உறையில் 45 டெராபைட் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானம் அது. வீடியோவோ, ஏற்கெனவே ரகசியக் குறியாக்கம் செய்த கோப்போ சுருங்கவே சுருங்காது.

சரி, நிரம்பிய டேப்பில் பாதி பேக்கப் காலாவதியாகிவிட்டால், அதாவது வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டால்? அந்தப் பாதி இடம் திரும்பக் கிடைக்காது. டேப்பில் கடைசியாக எழுதியதன் பின்னால்தான் சேர்க்க முடியும்; நடுவே அழித்து எழுத வழியில்லை. அதிலுள்ள எல்லாமே காலாவதியானால்தான் முதலிலிருந்து எழுதலாம். ஒரே ஒரு கோப்பை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டுமென்றால், மொத்த டேப்பும் ஏழு வருடம் முடங்கும்.

இதற்குத்தான் மீட்பு வேலை: பல டேப்புகளில் மிச்சமிருக்கும் தேவையான தரவைப் புது டேப்புக்கு நகலெடுத்துவிட்டு, பழையவற்றைக் காலியாக்குவது. எப்போது செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐந்து டேப்புகளில் தேவையான தரவு தலா 20 சதவீதம் மிச்சமிருந்தால், ஒரு டேப் அளவு நகலெடுத்து நான்கு டேப்புகளை மிச்சம் பிடிக்கலாம். தலா 80 சதவீதம் இருந்தால் நான்கு டேப் அளவு நகலெடுக்க வேண்டும். முழு வேகத்தில் போனாலும் ஐம்பது மணி நேரம், அதுவும் இரண்டு டிரைவ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு. கிடைப்பதோ ஒரே ஒரு டேப்! பாதிக்கு மேல் காலாவதியாகும் வரை பொறுத்திருப்பதே நல்லது என்பேன்.

அதைவிட நல்லது, மீட்பு வேலையே வராமல் பார்த்துக்கொள்வது. ஒரு மாதம் வைக்கும் பேக்கப்புகளை ஒரு டேப் தொகுதியிலும், வருடக்கணக்கில் வைப்பவற்றை வேறொரு தொகுதியிலும் எழுதினால், மாதக் கணக்கு டேப்புகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தாமாகக் காலியாகும். ஒன்றைக்கூட நகலெடுக்கத் தேவையில்லை. ஆனால் தொகுதிகளை ரொம்பவும் பிரித்தால், அரைகுறையாக நிரம்பிய டேப்புகள்தான் அலமாரியில் பெருகும். இரண்டு மூன்று போதும்.

நீண்ட கால டேப்புகளுக்கு வேறொரு கெடு உண்டு. எல்டிஓ-9 டிரைவ் அதற்கு முந்தைய எல்டிஓ-8 வரைதான் படிக்கும். எனவே டிரைவ் தலைமுறை மாறும்போது பழைய டேப்புகளை எப்படியும் நகலெடுத்தாக வேண்டும். காலாவதியானதைக் கழித்துவிட அதுவே தோதான சமயம்.