கடல்ல ஓடாத ஜீவனை கையில எடுக்காதீங்க

போன பிப்ரவரியில ஒருத்தர் எங்க எமர்ஜென்சிக்கு வந்தாரு. ஐடி வேலை, முப்பது வயசு இருக்கும். நாலு ஃப்ரெண்ட்ஸோட அந்தமான்ல பாய்மரப் படகுல அஞ்சு நாள் தீவு தீவா சுத்திட்டு, காலைல ஃப்ளைட் புடிச்சு சென்னைக்கு வந்திருக்காரு. வலது தொடையில ஊசி குத்தின மாதிரி ஒரு சின்ன புள்ளி, அதைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கு. "நேத்து சாயங்காலம் உதடு கூட மரத்துச்சு டாக்டர், கண்ணு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது, தூங்கி எந்திரிச்சா சரியாயிடுச்சு"ன்னாரு. எதையாவது தொட்டீங்களான்னு கேட்டா இல்லவே இல்லைங்கறாரு. அப்புறம் ஃபோன்ல போட்டோவெல்லாம் தள்ளிப் பாத்தா, உள்ளங்கையில ஒரு சங்கு, வெள்ளையில பழுப்பு வலை பின்னின மாதிரி அவ்ளோ அழகு. அதை ஷார்ட்ஸ் பாக்கெட்ல போட்டுக்கிட்டு கரைக்கு நீந்தி வந்திருக்காரு.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அது கூம்பு நத்தை. உள்ள நத்தை உயிரோட இருந்தா ஈட்டி மாதிரி ஒரு பல்லை நீட்டி குத்தும், அந்தப் பல் உள்ள காலி, அது வழியா விஷம் இறங்கும், மெல்லிசு துணியெல்லாம் அதுக்கு ஒரு தடையே இல்ல. இதுல மீன் தின்னுற பெரிய ஜாதி குத்தி மனுஷங்க செத்திருக்காங்க, விஷமுறிவு மருந்து கிடையாது. இன்னொரு கூம்பு நத்தையோட விஷத்தைப் பாத்துதான் ஜிகோனோடைடுன்னு ஒரு வலி மருந்தே செஞ்சாங்க, 2004ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது, முதுகுத்தண்டு வழியா குடுக்கற மருந்து. அவ்ளோ வீரியம் உள்ள சரக்கு அது.

சுறா கடிச்சு ஒருத்தர் கூட இதுவரைக்கும் என்கிட்ட வந்ததில்ல. வந்ததெல்லாம் சின்னது, அழகானது, அசையாததுகிட்ட மாட்டினவங்கதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நம்ம நிழல் விழுந்தாலே மீன் ஓடிடும். ஓடாம அங்கேயே நிக்குதுன்னா அதுகிட்ட வேற ஆயுதம் இருக்கு. கல்லு மாதிரியே கிடக்கற கல் மீன், செட்டை விரிச்சு நிக்கற சிங்க மீன், தொந்தரவு பண்ணா நீல வளையம் மின்னுற குட்டி ஆக்டோபஸ், எல்லாம் இந்த ரகம்தான்.

நம்ம ஊருலயே பாருங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகர் பீச்சுல நீல டிராகன்ங்கற ஓடில்லாத கடல் நத்தை ஒதுங்குச்சு. விரல் நீளம் கூட இருக்காது, பொம்மை மாதிரி இருக்கும். அது ஜெல்லி மீன் மாதிரி கொட்டுற ஜீவன்களைத் தின்னுட்டு அந்தக் கொட்டுற செல்லை தன் உடம்புலயே சேத்து வெச்சுக்கும், செத்து மணல்ல கிடந்தாலும் கொட்டும்.

சரி, குத்திடுச்சு, என்ன பண்றது? முள்ளு குத்தினா (கல் மீன், சிங்க மீன், திருக்கை) சுடுதண்ணி. காசிமேட்டுல இருந்து ஒரு அண்ணன் திருக்கை முள்ளு குத்தி வந்தாரு, அவர் சம்சாரம் ஆட்டோலயே ஒரு பக்கெட்ல சுடுதண்ணி வெச்சு காலை அதுல முக்கி கூட்டிட்டு வந்தாங்க, நான் செய்யச் சொல்றதை அந்த அக்கா எனக்கு முன்னாடியே செஞ்சுட்டாங்க. சுமார் 45 டிகிரி, 30 நிமிஷத்துல இருந்து 90 நிமிஷம் வரைக்கும். சூடு தாங்குதான்னு குத்தாத கையை விட்டுப் பாருங்க, குத்தின இடம் மரத்திருந்தா வெந்தாலும் தெரியாது. வலி கொறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும், முள்ளு உள்ள ஒடைஞ்சு நிக்கும்.

கூம்பு நத்தை, நீல வளைய ஆக்டோபஸ், கடல் பாம்பு மூணும் வேற கதை. வலியே இல்லாம இருக்கலாம், அதான் ஆபத்து. உதடு மரத்து, கண்ணிமை தொங்கி, பேச்சு குழறி, கடைசியா மூச்சு நிக்கும். குத்துப்பட்ட கை காலுல துணியை இறுக்கமா சுத்தி (ரத்த ஓட்டம் நிக்கற அளவுக்கு வேண்டாம்), கை காலை அசைக்க விடாம படுக்க வைங்க, கீறாதீங்க, உறியாதீங்க. மூச்சு நின்னா வாயில வாய் வெச்சு ஊதிக்கிட்டே இருங்க, மணிக்கணக்கானாலும் மாத்தி மாத்தி ஊதுங்க. அந்த ஆக்டோபஸ் விஷத்துல ஆள் கட்டை மாதிரி கிடப்பாரு, கண்ணுல வெளிச்சம் அடிச்சாக்கூட கண்மணி சுருங்காம இருக்கலாம், ஆனா உள்ள நினைவு இருக்கும், நீங்க பேசறது காதுல விழும். அதனால பக்கத்துல உக்காந்து "போயிட்டான்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அவர் பேரைச் சொல்லி, நாங்க இருக்கோம்னு சொல்லுங்க.

கடல் பாம்பு சும்மா வந்து கடிக்காது, ஆனா நங்கூரக் கயித்துல சுத்திக்கிட்டு மேல வரும், வால் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும், கையால தள்ளாதீங்க. நம்ம ஊர் பாம்புக்கடி ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான், கடல் பாம்புக்கு இல்ல. முதலை பத்தி ஒரே வரி: அந்தமான் அலையாத்திக் கழிமுகத்துல இறங்காதீங்க, 2010ல ஹேவ்லாக் தீவுல ஸ்நார்க்கலிங் பண்ண ஒரு டூரிஸ்டை முதலை கொன்னுடுச்சு.

படகுல சுடுதண்ணி ஃபிளாஸ்க், நாலு க்ரேப் பேண்டேஜ், கெட்டியான அடி உள்ள செருப்பு வெச்சுக்கங்க. உதவிக்கு ரேடியோல 16ஆம் சேனல், ஃபோன்ல சிக்னல் இருந்தா கோஸ்ட் கார்டு 1554.

அவரை ராத்திரி முழுக்க மானிட்டர்ல வெச்சோம், மறுநாள் நல்லா நடந்தாரு. ஆனா அட்மிட் பண்ணும்போதே நான் கேட்ட ஒரு கேள்வி, "அந்த சங்கு இப்ப எங்க?" பாப்பாவுக்குக் காட்டணும்னு ஈரத்துணியில சுத்தி பையில வெச்சிருக்காரு, பை அவர் மனைவி கூட வேளச்சேரி வீட்டுக்குப் போயிடுச்சு. என் ஃபோனைக் குடுத்து அங்கேயே கூப்பிடச் சொன்னேன். மூணாவது ரிங்ல எடுத்தாங்க. பை இன்னும் திறக்கல.